நல்ல மிளகில் ஒரு கோடு

கோடு தப்பான இடத்தில் விழுந்திருந்தது.

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊதா வெளிச்சப் பெட்டிக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தான். முதல் வரிசை, 'நோய் வந்த மிளகு'. அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது வரிசை, 'நல்ல மிளகு'. அதில் கல்யாண வீட்டு டியூப்லைட் மாதிரிப் பளிச்சென்று ஒரு கோடு.

"லிஜா, இங்க கொஞ்சம் வாங்களேன். பை ரெண்டையும் மாத்தி வச்சிட்டீங்களா?"

வேர் கழுவுவது, பொடியாக வெட்டுவது, குப்பி கழுவுவது, தணிகைவேலின் மனது நோகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த ஆய்வகத்தில் லிஜாவின் வேலை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இல்ல சார். பையில எழுதியிருந்தத பாத்துத்தான் வெட்டி வச்சேன். ரெண்டும் எப்பிடி சார் மாறும்?"

"அப்ப நான்தான் மாத்தியிருப்பேன் போல."

"இருக்கும் சார்," என்றாள் லிஜா ஆறுதலாக.

அது 2012. தக்கலையில் இருந்த அந்தச் சின்ன மலைப்பயிர் நோய் ஆய்வு மையத்துக்குத் தணிகைவேல் அரக்கோணத்திலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலை ஆறு மாதத்துக்கு மட்டும். இதற்கு முன் இரண்டு ஆய்வகங்கள் ஆறாவது மாத முடிவில் கை குலுக்கி, டீ வாங்கிக் கொடுத்து, வழியனுப்பி வைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போனில், "அங்கயாவது வச்சுப்பாங்களாடா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒருமுறையாவது 'ஆமாம்' என்று சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர தணிகைவேலுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

இயக்குநர் முத்துக்குமாரசாமி வாக்குக் கொடுத்திருந்தார். "ஒரே ஒரு சோதனை. தொடக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் பிசகில்லாமச் செஞ்சு காட்டும் வே. ஆர்டர்ல கையெழுத்துப் போடுதேன்."

அந்த ஒரே ஒரு சோதனைதான் இது.

அருமனைப் பக்கம் ஞானதாசன் என்பவர் தோட்டத்தில் கமுகு மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகள், மழைக்குப் பிறகு கும்பல் கும்பலாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. என்ன கிருமி என்று கண்டுபிடித்தால்தான் மருந்து சொல்ல முடியும். அவர் போன் செய்தபோது எடுத்தவன் தணிகைவேல். "வேர்தான் வேணும்ங்க. நோய் வந்த மிளகுல கொஞ்சம், நல்ல மிளகுல கொஞ்சம். தனித்தனிப் பையில போட்டு, பேர் எழுதி அனுப்பிடுங்க," என்று தெளிவாகத்தான் சொன்னான். ஞானதாசனும் அப்படியே அனுப்பியிருந்தார்.

வேரை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். கிருமியின் டி.என்.ஏ. அதில் துளி இருந்தாலும் பி.சி.ஆர். இயந்திரம் அதை மட்டும் கோடிக்கணக்கில் நகல் எடுத்துவிடும். அப்புறம் ஜெல்லில் ஓட்டி ஊதா வெளிச்சத்தில் பார்த்தால், கிருமி இருந்தால் கோடு, இல்லாவிட்டால் இருட்டு. நோய்ச் செடியில் கோடு வர வேண்டும், நல்ல செடியில் வரக் கூடாது. நல்ல செடியிலும் வந்துவிட்டால், சோதனை செய்தவன் கை சரியில்லை என்பார்கள். தணிகைவேலுக்கோ நோய்ச் செடியில் வராமல் நல்ல செடியில் மட்டும் வந்திருந்தது. இப்படி ஒரு கைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அவன் மறுபடியும் செய்தான். இருபத்து மூன்றாவது சுற்றில் மின்வெட்டு. மூன்றாம் முறை முழுதாக ஓடியது. அதே இருட்டு, அதே கோடு.

மேசையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். தண்ணீரை மாற்றினான். புதுப் பிப்பெட் முனைகள் வாங்கினான். லிஜா தலையில் பூ வைக்கக் கூடாது என்றான். மறுநாள், ஆய்வகத்தில் பேசவே கூடாது என்றான். அதற்கும் மறுநாள் இரண்டு பேரும் மூக்கை மூடிக்கொண்டு சைகையால் பேசிக்கொண்டார்கள். நான்காவது ஜெல்லில் நல்ல மிளகின் கோடு முன்னைவிடப் பிரகாசமாக இருந்தது.

தணிகைவேல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"சாப்பிடுங்க சார். மணி ரெண்டாச்சி."

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க லிஜா. நல்ல மிளகுல எப்படிங்க நோய் வரும்?"

லிஜா அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "நல்ல மிளகுலதான் சார் வரும்."

"என்னது?"

"எங்க வீட்டுலயும் அப்பிடித்தான். காலையில பாத்தா பச்சப்பசேல்னு நிக்கும். ஒரு மழ பெய்ஞ்சா போதும், மூணு நாளுல கொடி மொத்தமா தொங்கிரும். இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச காரியமாக்கும்."

தணிகைவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்து மாதமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டவனுக்கு, முதல் முறையாகத் தன் மூளையின் மேல் மரியாதை வந்தது. அப்படியானால் வெளியே நல்லதாகத் தெரியும் கொடிக்குள் கிருமி ஒளிந்திருக்கிறது! ஒரு வாட்டமும் காட்டாமல், மழைக்காகக் காத்திருக்கிறது!

"அப்போ நோய் வந்த மிளகுல ஏன் லிஜா இல்ல?"

"அதுக்கு வந்தது வேற நோயா இருக்கும் சார்," என்று சொல்லிவிட்டு லிஜா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆரம்பித்திருந்தான்.

முத்துக்குமாரசாமி அறிக்கையை இரண்டு தடவை படித்தார். நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஊர்க்காரர். அடுத்த வருடம் ஓய்வு. முப்பது வருடமாக டெல்லிக்குக் கடிதம் எழுதியும் டெல்லி ஒருநாளும் அவருக்குப் பதில் போட்டதில்லை.

"ஆரோக்கியமான கொடியில கிருமி இருக்கு. செத்த கொடியில இல்ல. ஏன்னு யோசிச்சீரா?"

"யோசிச்சுட்டே இருக்கேன் சார்."

"நான் சொல்லுதேன். கொடி செத்ததும் கிருமி இறங்கிப் போயிரும். வீடு இடிஞ்சா குடியிருக்கவன் அங்கயா கிடப்பான்?"

"மாட்டான் சார்."

"அப்பம் எழுதும்."

ஒரு தவறான கோட்டுக்கு இப்போது இரண்டு கொள்கைகள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று தணிகைவேல் ஞானதாசனுக்குப் போன் செய்து, "இன்னும் கொஞ்சம் நல்ல மிளகு வேணும்ங்க, பத்துக் கொடியிலேருந்து," என்றான். வந்தது. பத்திலும் கோடு. டி.என்.ஏ.வைப் பெங்களூருக்கு அனுப்பி எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்தில் கிருமியின் ஜாதகம் வந்தது. பைட்டோப்தோரா கேப்சிசி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம்.

ஆய்வுச் சுருக்கம் டெல்லிக்குப் போன நான்காம் நாள், டெல்லி பதில் போட்டது. இருபதாம் தேதி விவசாயிகள் கூட்டத்துக்குத் தலைமை விஞ்ஞானி ஒருவர் நேரிலேயே வருகிறாராம். முத்துக்குமாரசாமி அந்தக் கடிதத்தை நகல் எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

அருமனைக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இத்தனை நாளில் ஒரு தடவை போய் அந்தக் கொடியைப் பார்த்திருக்கலாம். ஆனால் தணிகைவேல் செடியைச் செடியாகப் பார்த்தது எம்.எஸ்ஸி. முதல் வருடத்தோடு சரி. அதன் பிறகு செடி என்றால் அவனுக்குச் சுண்டுவிரல் அளவுக் குழாயில் தெளிந்து நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

பதினாறாம் தேதி ஞானதாசனே வந்துவிட்டார். முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டியை வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"சாரே, ஒரு மாசம் ஆவப்போவு. என்ன மருந்துண்ணு ஒரு வார்த்த சொல்லல்லியே. பாதித் தோட்டம் போச்சு."

"உக்காருங்க. பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கோம். உங்க நல்ல மிளகுலதான் பிரச்சினையே."

ஞானதாசன் உட்காரவில்லை. "அது தெரிஞ்சதுனாலதானே சாரே ஒங்களுக்குப் போன் அடிச்சது?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்க கண்ணு முன்னாலதானே சாவுது!"

தணிகைவேல் லேசாகக் குழம்பினான். "இல்லைங்க, அந்த நோய் வந்த மிளகு இருக்கே, அதுல ஒரு கிருமியும் இல்ல."

"அத விடுங்கோ சாரே. அது அடுக்களைக்குப் பொறத்த எனக்க வீட்டுக்காரி வச்ச நாலு மூடு செடி. எல சுருண்டு கெடந்துது. நீங்க கேட்டியேண்ணு பிடுங்கினதுக்கு அவ இண்ணைக்கும் ஏசுதா, கறிக்கு அரைக்க மிளகு இல்லேண்ணு."

"அடுக்களைக்குப் பின்னாடி... மிளகா? எதுல ஏத்தி விட்டிருந்தீங்க?"

"எதுல ஏத்த? முட்டளவுச் செடியில்லா."

தணிகைவேல் மெதுவாகத் திரும்பினான்.

"லிஜா... மிளகுன்னா என்ன?"

"மிளகு சார். பச்சையா இருக்கும், பழுத்தா செவப்பா இருக்கும். கடிச்சா எரியும்."

"அது மிளகாய்!"

"நீங்க அப்பிடி சொல்லுவிய. நாங்க மிளகுண்ணுதான் சொல்லுவோம்."

"அப்போ கறுப்பா, உருண்டையா, ரசத்துல போடுவாங்களே..."

"அது நல்லமிளகு," என்றார்கள் லிஜாவும் ஞானதாசனும் ஒரே குரலில்.

தணிகைவேல் மேசையைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதமாக, நோய் வந்த மிளகாய்ச் செடியையும் செத்துக்கொண்டிருந்த மிளகுக் கொடியையும் வைத்துக்கொண்டு அவன் விஞ்ஞானம் செய்திருக்கிறான். கை சரியாகத்தான் இருந்தது. இயந்திரம் சரி, தண்ணீர் சரி, லிஜாவின் தலைப் பூவும் சரி. கோடு விழ வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக விழுந்திருந்தது.

அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் எதிரே நின்ற மனிதரின் தோட்டம் அதைவிட அவசரம் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு தாளை எடுத்துக் கிருமியின் பெயரை எழுதி, போர்டோ கலவை என்ற மருந்தை எந்த அளவில் கலக்க வேண்டும், எப்படிக் கொடியின் அடியில் ஊற்ற வேண்டும், தண்ணீர் தேங்காமல் எங்கே சால் வெட்ட வேண்டும் என்று விவரமாக எழுதிக் கொடுத்தான்.

"இத மொதல்லயே தந்திருந்தா என்ன சாரே?" என்று கேட்டுவிட்டு ஞானதாசன் போனார்.

அடுத்த பத்தாவது நிமிடம் தணிகைவேல் இயக்குநர் முன்னால் நின்றான். எதையும் மறைக்கவில்லை. முத்துக்குமாரசாமி அறிக்கையை எடுத்து மறுபடி புரட்டினார்.

"எங்க வீட்டுலயும் நல்லமிளகுண்ணுதான் வே சொல்லுவோம். நீரு இங்கிலீஷ்ல 'ஆரோக்கியமான மிளகு'ண்ணு எழுதித் தந்தீரு. நான் இங்கிலீஷ் ரிப்போர்ட்டப் படிச்சுத் தமிழ்ல யோசிக்கது இல்ல. ரெண்டு பேரு மேலயும் தப்பு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கிருமிக்குக் கேப்சிசிண்ணு பேரே மிளகாயிலேருந்துதான் வச்சிருக்கான். பேரு வச்சவனும் நம்ம ஊருப் பயலோ என்னவோ."

"மன்னிச்சிருங்க சார். நான் முப்பதாம் தேதி கிளம்பிடறேன்."

"இருபதாம் தேதி டெல்லிக்காரன் வாரான். அதச் சொல்லும்." முத்துக்குமாரசாமி எழுந்து ஜன்னலருகே போனார். "இப்பம் உண்மையாட்டே நோய் இல்லாத கொடி ஒண்ணக் கொண்டுவந்து பாரும். அதுல கோடு வந்தா நாம சொன்னதுல பாதியாவது சரி. வரல்லேண்ணா, தப்புத்தான்னு நானே டெல்லிக்கு எழுதுதேன். பொய்யில மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் வே."

தணிகைவேலுக்கு அந்த மனிதரின் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. ஓடிவந்து போனை எடுத்தான். ஞானதாசன் இன்னும் பஸ்ஸில்தான் இருக்க வேண்டும், வீட்டில் அவர் மனைவி செசிலி எடுத்தார்.

இந்தத் தடவை அவன் ஜாக்கிரதையாக இருந்தான். 'நல்ல' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. 'மிளகு' என்று தனியாகவும் சொல்லிவிடக் கூடாது.

"அம்மா, கமுகுல ஏறுமே, கறுப்பா உருண்டையாக் காய்க்குமே, அந்தக் கொடி. அதோட வேர் கொஞ்சம் வேணும்."

"நல்லமிளகுண்ணு சொல்லுங்கோ சாரே."

"அதேதான். ஆனா இந்தத் தடவை வேர் வந்து... ஆரோக்கியமா..."

"கேக்கல்ல சாரே. என்னது?"

"அதாவது..." அவன் வேறு சொல் தேடினான். "சுத்தமான வேரா இருக்கணும். ரொம்பச் சுத்தமா. என் வேலையே அதுலதாம்மா இருக்கு."

அவன் குரலில் இருந்த நடுக்கம் அருமனை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். "சாரு மனசு சங்கடப்படாதேயும்," என்றார் செசிலி. "நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கி மத்தியானப் பஸ்சுல வந்துரும்."

வந்தது. வாழையிலையில் சுற்றி, நூல் கட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். இந்த முறை தனக்கு வேலையே மிச்சமில்லை என்று லிஜா சந்தோஷப்பட்டாள்.

தணிகைவேல் அன்று செய்தது போல் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. மின்சாரமும் போகவில்லை. பெட்டிக்குள் ஊதா வெளிச்சத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"லிஜா, நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

லிஜா குனிந்து பார்த்தாள். "கோடு இருக்கு சார்."

"நிஜமாவா?"

"கொஞ்சம் மெலிசா. ஆனா இருக்கு."

சந்தேகமே வேண்டாம் என்று இன்னொரு முறை ஓட்டினான். சரிபார்க்க வைத்த வெறும் தண்ணீரில் கோடு இல்லை. வேரில் இருந்தது. முத்துக்குமாரசாமி இறங்கி வந்து, தாமே பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். வேலை நிரந்தரம் என்ற ஆர்டர் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் தட்டச்சு ஆகிவிட்டது. மறுநாள் மேடையில், டெல்லிக்காரர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. தணிகைவேல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் அப்பாவுக்குப் போன் செய்து, "வச்சுக்கிறாங்கப்பா," என்றான். அந்தப் பக்கம் அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இருபதாம் தேதி கூட்டத்துக்கு இருநூறு விவசாயிகள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஞானதாசன், பக்கத்தில் செசிலி. மருந்து ஊற்றிய பிறகு அவர்கள் தோட்டத்தில் கொடிகள் புதிதாக வாடவில்லையாம். மேடையில் டெல்லி விஞ்ஞானி, கழுத்தில் மாலையோடு, மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் உதவியாளரைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தணிகைவேலின் ஆர்டர் இருந்தது.

முத்துக்குமாரசாமி மைக்கில் அரைமணி நேரம் பேசினார். வெளியே ஒரு குறையும் தெரியாத கொடிக்குள் கிருமி ஒளிந்திருக்கும் என்பதை உலகத்திலேயே இந்தத் தக்கலையில்தான் நிரூபித்திருக்கிறோம் என்று சொன்னபோது கை தட்டல் நிற்கவில்லை. தணிகைவேலின் கண் கலங்கியது.

"இந்த ஆராய்ச்சிக்கு வேர் தந்து உதவினது நம்ம அருமனை செசிலி அம்மா," என்றார் முத்துக்குமாரசாமி. "அவங்க ரெண்டு வார்த்தை பேசிட்டு, அப்புறம் ஆர்டர் குடுப்போம்."

செசிலி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கூச்சத்தோடு மைக்கைப் பிடித்தார். முதலில் டெல்லிக்காரருக்கும், அப்புறம் தணிகைவேலுக்கும் கும்பிடு போட்டார்.

"எனக்குப் பேச ஒண்ணும் தெரியாது. பாவம், சாரு அண்ணைக்கு அழுவாத கொறையா சுத்தமான வேரு கேட்டாவ. எங்க தோட்டத்துல சீக்குப் பிடிக்காத கொடி ஒண்ணுகூட இல்லாட்டாலும், அந்தப் பட்டுப்போன கொடிக்க வேரையே சோப்புப் போட்டு மூணு தடவ வெள்ளம் மாத்திக் கழுவி, நல்லா சுத்தமாக்கித்தான் குடுத்து விட்டேன்."